பூட்டு இருக்கு, சாவி இல்லை

எனக்கு வரும் மெயிலை மற்றவர் படிக்காதபடி பூட்ட (என்கிரிப்ட் செய்ய) ஒரு பொதுச் சாவி, அதைத் திறக்க என்னிடம் மட்டும் ஒரு ரகசியச் சாவி: இதுதான் OpenPGP முறை. காலையில் நண்பர் போன் செய்தார். "உங்க சாவி காலாவதி ஆயிடுச்சு, மெயிலைப் பூட்டி அனுப்ப முடியலை." மெயில் மென்பொருளான தண்டர்பேர்டைத் திறந்தால் உண்மைதான், நேற்றோடு முடிந்திருக்கிறது. நல்லவேளை, ரகசியச் சாவி கையில் இருந்தால் காலாவதிக்குப் பிறகும் தேதியை நீட்டிக்கலாம். நீட்டித்து, பொதுச் சாவியை மறுபடி அனுப்பினேன். கைரேகை எண் (அது என் சாவிதானா என்று சரிபார்க்கும் அடையாளம்) இதனால் மாறாது என்று சொல்லியும் மனிதர் விடவில்லை. 40 எழுத்தையும் நான்கு நான்காக வாசிக்க வைத்தார்.

2014இல் உருவாக்கிய பழைய சாவிதான் தலைவலி. கடவுச்சொல் மறந்துவிட்டது, சாவி இனி செல்லாது என்று அறிவிக்கும் ரத்துச் சான்றிதழும் எடுத்து வைக்கவில்லை. பொதுச் சாவிகளை எல்லோரும் தேடி எடுக்கும் சாவி சர்வரில் அது இன்னும் என் பெயரில் உட்கார்ந்திருக்கிறது. போன மாதம்கூட ஒருவர் அதில் பூட்டி மெயில் அனுப்பினார். பூட்டாமல் வந்த தலைப்பு வரியை மட்டும் படிக்க முடிந்தது: "அவசரம்".