ஓரம் வெட்டப்பட்ட வரைபடமும் இடம் மாறிய ஏரிகளும்: என் ஜிஐஎஸ் பட்டப்படிப்பின் இறுதியாண்டு

ஜிஐஎஸ் எனப்படும் புவித்தகவல் முறைமையில் இளநிலைப் பட்டப்படிப்பை முடித்து, வாய்மொழித் தேர்வையும் கடந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிலவரைபடவியல், தொலையுணர்வு, புள்ளியியல், தரவுத்தளம், கொஞ்சம் பைத்தான் என்று தாள்கள் வந்தன, எழுதினேன், தேறினேன். இங்கே பதிவு செய்ய விரும்புவது இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தை மட்டுமே. அதில் வீணான ஏறத்தாழ நான்கு மாதங்களில் பெரும்பகுதி, ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் ஆயத்தொலை முறை என்ற, வகுப்பில் ஒரே நாளில் கடந்துபோன பாடத்தை நான் தேர்வுக்கு மட்டும் படித்திருந்ததால் வீணானது. இதே படிப்பில் இருப்பவர்களுக்கு அந்த மாதங்களில் ஒன்றாவது மிஞ்சட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஒரு வட்டாரத்தின் ஏரிகள் முப்பது ஆண்டுகளில் எவ்வளவு சுருங்கியுள்ளன என்பதே என் தலைப்பு. அதற்குச் செயற்கைக்கோள் படங்கள், ஏரி எல்லைகளைக் கோடுகளாகத் தாங்கும் வெக்டர் கோப்பு, ஒரு பழைய அச்சு வரைபடம் ஆகிய மூன்றும் வேண்டியிருந்தன. லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படத் தொகுப்பு 2008 முதல் இலவசமாகக் கிடைப்பதால் படங்களை இருந்த இடத்திலிருந்தே தரவிறக்கிக்கொண்டேன். மற்ற இரண்டுக்கும் அவற்றை வைத்திருந்த அலுவலகத்துக்குக் கடிதத்தோடு போக வேண்டியிருந்தது.

முதல் பயணத்தில், கடிதம் தவறான பதவியின் பெயருக்கு எழுதப்பட்டிருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் பயணத்தில் பதவியின் பெயர் சரியாக இருந்தது. துறைத்தலைவரின் கையெழுத்தும் இருந்தது. ஆனால் எழுத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை இல்லையேம்மா, நாளைக்கு வாருங்கள்" என்றார். முத்திரை வைத்திருப்பவர் விடுப்பில் இருந்ததால், அந்த நாளை வருவதற்கு ஒன்பது நாட்கள் ஆயின. மூன்றாம் பயணத்தில் ஒருவழியாகக் கோப்பு கிடைத்தது. அச்சு வரைபடத்தையும் அங்கேயே இருந்த ஸ்கேனரில் ஸ்கேன் செய்துகொள்ள அனுமதித்தார்கள். அன்று திரும்பும்போது பாதி ஆய்வே முடிந்துவிட்டதைப் போன்ற நிறைவு இருந்தது.

இரவு கோப்பைத் திறக்க முயன்றபோதுதான் தெரிந்தது, எனக்குக் கொடுக்கப்பட்டது எஸ்எச்பி என்ற விரிவுப்பெயர் கொண்ட ஒரே ஒரு கோப்பு என்று. ஷேப்ஃபைல் என்று நாம் ஒருமையில் சொன்னாலும் அது ஒரு கோப்பு அன்று. வடிவங்களைத் தாங்கும் எஸ்எச்பி, அவற்றின் வரிசையைக் காட்டும் எஸ்எச்எக்ஸ், ஒவ்வொரு வடிவத்தின் பெயர் முதலிய விவரங்கள் கொண்ட அட்டவணையை (அட்ரிபியூட் டேபிள்) தாங்கும் டிபிஎஃப் ஆகிய மூன்றும் ஒரே பெயரில் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். நான்காவதாக வரும் பிஆர்ஜே கோப்பில்தான் ஆயத்தொலை முறை எழுதப்பட்டிருக்கும். அது இல்லாமலும் லேயர், அதாவது திரையில் விரியும் தரவு அடுக்கு, திறந்துவிடும் என்பதே அதிலுள்ள ஆபத்து. நான்காம் பயணத்தில் முதல் மூன்று கோப்புகளையும் வாங்கினேன். பிஆர்ஜே அவர்களிடமும் இல்லை. "திறக்கிறது அல்லவா, அப்புறம் என்ன?" என்று எழுத்தர் கேட்டார். நானும் அப்படியே நினைத்து வந்துவிட்டேன். தரவு வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன்பு, அங்கேயே மடிக்கணினியில் லேயரைத் திறந்து பாருங்கள். திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது வடிவத்தை அன்று. எந்த ஆயத்தொலை முறை என்பதைத்தான். தெரியவில்லை என்று மென்பொருள் காட்டினால், அந்தத் தரவை உருவாக்கியவர் யார், எந்த வரைபடத்திலிருந்து உருவாக்கினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் இடத்தை விட்டு நகராதீர்கள்.

எண்களைப் பார்த்தால் அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளாகத் தெரிந்தன. எனவே ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84, அதாவது மென்பொருளில் இபிஎஸ்ஜி 4326 என்ற எண்ணால் குறிக்கப்படும் முறை என்று நானே முடிவு செய்து, லேயருக்கு அதைக் கொடுத்துவிட்டேன். செயற்கைக்கோள் படத்தின்மீது வைத்தபோது, எல்லா ஏரிகளும் ஒரே திசையில் சில நூறு மீட்டர் தள்ளி நின்றன. எண்ணிமமாக்கிய யாரோ செய்த பிழை என்று கருதி, ஒவ்வொரு ஏரியாகக் கையால் இழுத்துப் பொருத்தத் தொடங்கினேன். இரண்டு வாரங்கள் இதில் போயின. வேலை ஏறக்குறைய முடிந்த நிலையில், வேறொரு வேலையாக ஆய்வகத்துக்கு வந்த மூத்த ஆசிரியர் ஒருவர் திரையைச் சற்று நேரம் பார்த்தார். "எல்லாமே ஒரே பக்கமாக, ஒரே அளவு நகர்ந்திருந்தால் அது கைப்பிழை இல்லை அம்மா, டேட்டம்" என்றார்.

பாடப்புத்தகத்தில் படித்திருந்ததன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. டேட்டம் என்பது, அட்சரேகை, தீர்க்கரேகைகளை எதை அடிப்படையாக வைத்து அளப்பது என்று நிர்ணயிக்கும் பூமியின் கணித மாதிரி. பழைய நில அளவைகள் பலவும், பூமியின் வடிவத்தை ஏறத்தாழக் காட்டும் நீளுருண்டைகளில் தத்தம் நிலப்பகுதிக்கு நன்றாகப் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதன் மையம் பூமியின் மையத்தோடு ஒன்றுகிறதா என்று கவலைப்படாமல் செய்யப்பட்டவை. டபிள்யூஜிஎஸ் 84 பூமியின் நிறைமையத்தைத் தன் மையமாகக் கொண்டது. எனவே அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இரண்டு முறைகளிலும் ஒன்றாகவே இருந்தாலும், அவை தரையில் குறிக்கும் இடங்கள் சில நூறு மீட்டர் வரை விலகியிருக்கலாம். நான் செய்த தவறு, பழைய டேட்டத்தில் இருந்த எண்களுக்குப் புதிய டேட்டத்தின் பெயரை ஒட்டியது. ஒரு லேயருக்கு ஆயத்தொலை முறையை அறிவிப்பதும், ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு உருமாற்றுவதும் வெவ்வேறு செயல்கள். முன்னது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுகிறது. எண்கள் அப்படியே இருக்கும். பின்னது எண்களையே கணக்கிட்டு மாற்றுகிறது. மென்பொருளில் இரண்டும் வெவ்வேறு கருவிகளாக இருந்தும், எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இறுதியாண்டிலும் அந்த வேறுபாடு தெரிந்திருக்கவில்லை என்பதைப் பிறகு பேசிப் பார்த்ததில் அறிந்தேன்.

சரி, பழைய டேட்டம் எது என்று எங்கே பார்ப்பது? எல்லைக் கோப்புக்கு மூலமான அச்சு வரைபடத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் நீளுருண்டையின் பெயரும், வளைந்த பூமியைத் தட்டைத் தாளுக்குக் கொண்டுவரும் வீழல் முறையும், அளவை நடந்த ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். நான் ஸ்கேன் செய்தபோது கோப்பின் அளவு பெரிதாகிறதென்று வரைபடத்தின் சட்டத்துக்கு வெளியே இருந்த பகுதியை முழுவதும் வெட்டிவிட்டிருந்தேன். அந்த ஓரத்துக்காக மட்டும் ஐந்தாம் முறையாக அலுவலகம் சென்றேன். இம்முறை கடிதம், முத்திரை எதுவும் கேட்கப்படவில்லை. எழுத்தரே தாளை எடுத்து விரித்துக் காட்டினார். அவர்மீது அதுவரை இருந்த மனத்தாங்கல் அன்று குறைந்தது. ஓரத்தில் இருந்தது இரண்டு வரிகள்தான். அவற்றின்படி டேட்டத்தைச் சரியாக அறிவித்து, பிறகு உருமாற்றியதும், நான் கைவைக்காத மூல லேயரின் ஏரிகள் அனைத்தும் ஒரே நொடியில் படத்தின்மீது போய் அமர்ந்தன. இரண்டு வாரம் இழுத்துப் பொருத்திய லேயரை அழித்துவிட்டேன். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகலில் வேலை செய்திருந்ததே அன்று என்னைக் காப்பாற்றியது.

அச்சு வரைபடத்தை ஜியோரெஃபரன்ஸ் செய்ததில், அதாவது ஸ்கேன் படத்தைத் தரையின் உண்மையான இடங்களோடு பொருத்தியதில், இன்னொரு பாடம் காத்திருந்தது. ஆயத்தொலை தெரிந்த மூன்று கட்டுப்பாட்டுப் புள்ளிகளை மட்டும் வைத்து, படத்தை நகர்த்தி, சுழற்றி, நீட்டிப் பொருத்தும் முதல்படி உருமாற்றம் கொடுத்தேன். புள்ளிகள் மொத்தத்தில் எவ்வளவு விலகுகின்றன என்று சொல்லும் ஆர்எம்எஸ் பிழையை மென்பொருள் சுழியம் என்று காட்டியது. அதை அறிக்கையிலும் எழுதினேன். வழிகாட்டி அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தந்தார். முதல்படி உருமாற்றத்தில் தெரியாத எண்கள் 6. ஒரு புள்ளி 2 சமன்பாடுகளைத் தருகிறது. 3 புள்ளிகள் இருந்தால் 6 சமன்பாடுகள் கிடைத்து, புள்ளிகளைத் தவறான இடத்தில் குறித்திருந்தாலும் கணக்கு மிச்சமின்றிப் பொருந்திவிடும். பிழை தெரிய வேண்டுமானால் கூடுதல் புள்ளிகள் வேண்டும். வரைபடம் முழுவதும் பரவலாகப் பன்னிரண்டு புள்ளிகளை வைத்தபோது உண்மையான பிழை வெளியே வந்தது. 1:50,000 அளவுத்திட்டத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடே தரையில் 25 மீட்டரை மறைத்துவிடும் என்பதால், எனக்குக் கிடைத்த பிழை வெட்கப்பட வேண்டியதாக இல்லை.

பரப்பளவைக் கணக்கிட்டபோது ஒரு ஏரிக்கு 0.000081 என்று வந்தது. இது பாகையின் வர்க்கம். தரையில் இதற்குப் பொருளில்லை. பூமத்தியரேகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். 60 பாகை அட்சரேகையில் அது பாதியாகிவிடுகிறது. பரப்பளவு, தொலைவு, பஃபர் (ஒன்றைச் சுற்றிக் குறித்த தொலைவு வரையுள்ள பகுதி) எதைக் கணக்கிடுவதானாலும், லேயரை மீட்டரில் அளக்கும் வீழல் முறைக்கு முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். நான் பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு மாற்றினேன்.

முடிவுகளையே தலைகீழாக்கியிருக்கக் கூடிய பிழை இதற்குப் பிறகுதான் நடந்தது. செயற்கைக்கோள் ஒவ்வொரு நிற ஒளியையும் தனித்தனிப் பட்டையாகப் பதிவு செய்கிறது. நீர்ப்பரப்பைப் பிரித்தெடுக்க, பச்சை நிறப் பட்டைக்கும் அண்மை அகச்சிவப்புப் பட்டைக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கும் நீர்க் குறியீட்டைப் பயன்படுத்தினேன். லேண்ட்சாட் 5 படத்தில் இவை 2, 4 என்ற எண்ணுள்ள பட்டைகள். லேண்ட்சாட் 8 படத்திலும் அதே எண்களைக் கொடுத்தேன். ஆனால் 2013-இல் ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோளில் முதலிடத்தில் ஒரு புதிய பட்டை சேர்க்கப்பட்டதால், 2 என்பது நீலமாகவும் 4 என்பது சிவப்பாகவும் மாறிவிட்டிருந்தன. தேவையானவை 3, 5. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தரவில்லை, தரவும் இயலாது. கட்டடங்கள் நீராகத் தெரிந்ததால் மட்டுமே கண்டுபிடித்தேன்.

அதைச் சரிசெய்த பிறகும் ஒரு பெரிய ஏரி பாதிக்கு மேல் சுருங்கியிருப்பதாக வந்தது. மகிழ்ச்சியோடு அதை முதன்மை முடிவாக எழுதத் தொடங்கியவள், படங்களின் தேதிகளை அட்டவணையில் இட்டபோது கை நிறுத்தினேன். பழைய படம் மழைக்காலம் முடிந்த உடனே எடுக்கப்பட்டது. புதிய படம் கோடையின் நடுவில் எடுக்கப்பட்டது. மேகமில்லாத படம் என்ற ஒரே அளவுகோலில் தேர்ந்தெடுத்ததன் விளைவு அது. இரண்டையும் ஒரே பருவத்துக்கு மாற்றியதும், சுருக்கம் ஏரியின் ஒரு கரையை ஒட்டி மட்டுமே இருந்தது. முடிவு சிறிதாகிவிட்டதே என்ற வருத்தம் எனக்கு இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கரை மட்டும் ஏன் என்ற கேள்வி, முன்பு எழுதியிருந்த எல்லாவற்றையும்விடப் பயனுள்ளதாக அமைந்தது.

இவற்றுக்கிடையே கடைசிப் பருவத்தில், கல்வி நிறுவனம் வாங்கியிருந்த வணிக மென்பொருளின் உரிமம் காலாவதியாகி, ஆய்வகமே முடங்கியது. புதுப்பிக்கும் கோப்பு ஒவ்வொரு மேசையாக நகர்ந்துகொண்டிருந்தபோது, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாறினேன். மூன்று நாட்களில் பழகிவிட்டது. முதலாண்டிலிருந்தே அதையும் இணையாகப் பழகிக்கொள்வது நல்லது. மாறும்போது ஷேப்ஃபைல்களை ஜியோபேக்கேஜ் என்ற வேறொரு கோப்பு வடிவுக்கு மாற்றிக்கொண்டதும் உதவியது. ஷேப்ஃபைலில் புலப்பெயர்கள் (அட்டவணையின் நெடுவரிசைத் தலைப்புகள்) 10 எழுத்துக்கு மேல் வெட்டுப்பட்டு, தமிழில் இட்ட ஏரிப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிக்கொண்டிருந்தன. ஜியோபேக்கேஜில் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கின, பெயர்களும் பிழைத்தன.

வாய்மொழித் தேர்வன்று காலையில் கடைசி அதிர்ச்சி. பென்டிரைவில் புராஜெக்ட் கோப்பை மட்டும் எடுத்துச் சென்றிருந்தேன். அதில் லேயர்கள் இருக்காது. அவை இருக்கும் இடத்தின் முகவரிகள்தான் இருக்கும். தேர்வறைக் கணினியில் திறந்தபோது எல்லா லேயர்களும் காணவில்லை என்ற பட்டியல் வந்தது. முந்தைய இரவு அச்சிடுவதற்காக வரைபடங்களைப் பிடிஎஃப் கோப்புகளாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் போட்டு வைத்திருந்ததால் பேச முடிந்தது. நீங்கள் செல்லும்போது தரவுக் கோப்புறையையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்; முதல் நாளே வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளரின் முதல் கேள்வி, பரப்பளவை எந்த வீழல் முறையில் கணக்கிட்டேன், அது பரப்பளவைச் சிதைக்காத சமபரப்பு முறை அன்றே, எப்படி ஏற்பது என்பது. யூடிஎம் மண்டலத்தின் நடுத் தீர்க்கரேகையில் அளவுக் காரணி, அதாவது வீழலில் வரும் தொலைவுக்கும் உண்மைத் தொலைவுக்கும் உள்ள விகிதம், 0.9996 என்பதால் அங்கே பரப்பளவில் வரும் பிழை 0.08 சதவீதம் மட்டுமே என்றும், 30 மீட்டர் பிக்சலில் ஒரு பிக்சலே 900 சதுர மீட்டராக இருக்கும்போது ஏரிக்கரையில் நீரும் நிலமும் கலந்த பிக்சல்கள் தரும் பிழை அதைவிடப் பன்மடங்கு பெரிது என்றும், எனவே மிகச் சிறிய குளங்களை ஆய்விலிருந்து நீக்கிவிட்டேன் என்றும் சொன்னேன். அடுத்து, எல்லைக் கோப்பின் டேட்டம் எதுவென எப்படித் தெரியும் என்று கேட்டார். அறிக்கையின் கடைசி இணைப்பைத் திருப்பிக் காட்டினேன். வரைபடத்தின் அந்த ஓரத்தை, இரண்டு வரிகளும் தெளிவாகத் தெரியும்படி, முழுப் பக்கத்தில் அச்சிட்டு வைத்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி அதை நிதானமாக வாசித்தார். பிறகு அடுத்த மாணவரை அழைக்கச் சொன்னார்.