டிஸ்னியின் விளையாட்டு வளாகத்தை இழுத்து மூடலாமா?

ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் தெற்குப் பக்கம், சுமார் 220 ஏக்கரில் ஒரு விளையாட்டு வளாகம் இருக்கிறது. 1997 மார்ச் 28 அன்று திறந்தார்கள். ஈஎஸ்பிஎன் வைட் வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்ஸ் என்ற பெயர் 2010 பிப்ரவரியில் வந்தது. ரைடு கிடையாது, வாணவேடிக்கை கிடையாது. குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. சாதாரண பார்க் டிக்கெட்டை வைத்துக்கொண்டு உள்ளே போகவும் முடியாது. தனியாகக் காசு கட்ட வேண்டும். அதனால்தான் ‘இதை எடுத்துவிட்டு வேறு ஏதாவது கட்டலாமே’ என்ற பேச்சு ஓய்வதே இல்லை.

என் கட்சி இது: வளாகம் இருக்கட்டும். ஆனால் அதன் முகப்பில் நிற்கும் பேஸ்பால் ஸ்டேடியத்தை இன்றிருக்கும் வடிவில் வைத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

வாசலில் விற்கும் டிக்கெட்டை வைத்துக் கணக்குப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும். பணம் வருவது ஓட்டல் அறையில். சிறுவர் போட்டிகளை நடத்துபவர்கள் அமெரிக்கா முழுக்கக் கையாளும் ஒரு நிபந்தனை உண்டு: போட்டியில் ஆட வேண்டுமானால் நாங்கள் சொல்லும் ஓட்டலில்தான் தங்க வேண்டும். ஒரு கணக்குக்கு 60 அணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணிக்கு 12 பிள்ளைகள், பிள்ளைக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஓர் அறை, 3 இரவு. 60 × 12 × 3 = 2,160 அறை இரவுகள். சனிக்கிழமையே தோற்று வெளியேறிய அணி ஞாயிற்றுக்கிழமை அறையில் முடங்கிக் கிடக்காது, பார்க்குக்குப் போகும். அந்த டிக்கெட், சாப்பாடு, பொம்மை எதுவும் வளாகத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏறாது. 1994-ல் தொடங்கிய ஆல்-ஸ்டார் வகை மலிவு விடுதிகளில் மட்டும் 5,000-க்கு மேல் அறைகள் உண்டு. பள்ளி நடக்கும் மாதங்களில் அவற்றை நிரப்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த ஏற்பாடு சறுக்கும் இடமும் இருக்கிறது. பெற்றோர் சிலர் பக்கத்து ஊரான கிஸ்ஸிம்மியில் பாதி விலைக்கு அறை பிடித்துக்கொள்வார்கள். நடத்துபவர்கள் அறைப் பட்டியலையும் ஆட்டக்காரர் பட்டியலையும் ஒப்பிட்டு, குறைந்தபட்ச அறை எண்ணிக்கை தேறாத அணியைக் கழற்றிவிடுவார்கள். கெடுபிடி அதிகமானால் அடுத்த வருடம் அந்த அணி வேறு ஊர்ப் போட்டிக்குப் போய்விடும். பக்கத்து ஊர் அணிகளுக்கு மைல் கணக்கு வைத்து விலக்கு தருவதுதான் வழக்கமான சமரசம்.

ஓட்டப் பந்தயங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. டிஸ்னி மாரத்தான் 1994 முதல் ஜனவரியில் நடக்கிறது. புத்தாண்டுக் கூட்டம் கலைந்து விடுதிகள் காற்றாடத் தொடங்கும் சமயம் அது. வியாழன் 5 கிலோமீட்டர், வெள்ளி 10 கிலோமீட்டர், சனி அரை மாரத்தான், ஞாயிறு முழு மாரத்தான். நான்கையும் ஓடினால் 48.6 மைல். ஓடுபவர் ஒவ்வொருவரும் எண் அட்டையையும் சட்டையையும் வாங்க முன்கூட்டியே இந்த வளாகத்துக்கு வந்தாக வேண்டும். பந்தயத்தன்று காலையில் தரமாட்டார்கள். ஆக, சில நாட்களுக்குள் பல்லாயிரம் பேர் வந்து போக மேற்கூரை, வண்டி நிறுத்த இடம், பஸ் நிற்க இடம் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். வளாகத்தை இடித்தால் இதற்கு மட்டுமே இன்னோர் இடம் தேட வேண்டியிருக்கும்.

இனி கட்டடங்களுக்கு வருவோம். பெரிய அரங்குகள் மூன்று: 1997-ல் ‘மில்க் ஹவுஸ்’ என்ற பெயரில் திறந்த 5,000 இருக்கை அரங்கம், 2008-ல் வந்த இரண்டாவது, 2018-ல் சியர்லீடிங்கையும் (கரணமும் ஆளைத் தூக்கி எறிவதுமாகக் குழுவாக ஆடுவது) நடனத்தையும் மனதில் வைத்துக் கட்டிய மூன்றாவது. விளம்பரதாரர் மாற மாற அரங்கின் பெயரும் மாறும். பெயரை நம்பி வழி கேட்காதீர்கள். 2008 கட்டடத்தில் 6 கூடைப்பந்துத் தளம் போடலாம், அல்லது 12 வாலிபால் தளம்.

சியர்லீடிங்கா என்று முகம் சுளிப்பவர்கள் அதன் தளத்தை ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். 54 அடி அகலம், 42 அடி ஆழம். மேலே 6 அடி அகலமுள்ள 9 நுரை விரிப்புகள், வெல்க்ரோ பட்டையால் ஒன்றோடொன்று ஒட்டியவை. அடியில் ஸ்பிரிங் வைத்த ப்ளைவுட் பலகைகள். 4-க்கு 8 அடிப் பலகை என்றால் எழுபதுக்கு மேல் வேண்டும். ஒரு பலகை விலகினாலோ, ஒரு ஸ்பிரிங் செத்துப்போனாலோ, ஓடிவந்து கரணம் அடிக்கும் பெண்ணின் கணுக்கால் போய்விடும். அதனால் விரிப்பை மூடுமுன் ஒருவர் பலகைகள் மேல் நடந்து, எங்கே மெத்தென்று இறங்குகிறது, எங்கே கட்டையாக இருக்கிறது என்று காலாலேயே சோதிப்பார். அதோடு ஆளைத் தூக்கி எறிந்து பிடிக்கும் ஆட்டம் இது. தலைக்கு மேல் நல்ல உயரம் வேண்டும். மாநாட்டு மண்டபங்களில் தரை தாராளமாகக் கிடைக்கும், படியேறும் இருக்கைகள் கிடைக்காது. பள்ளி ஜிம்மில் இருக்கை இருக்கும், ஒத்திகைக்கு இரண்டாவது தளம் போட இடம் இருக்காது. உயரமும் இருக்கையும் பக்கத்திலேயே ஒத்திகை அரங்கும் சேர்ந்து கிடைப்பதுதான் இந்த வளாகத்தின் பலம்.

திறந்தவெளி மைதானங்கள் கதை வேறு. நடு ஃப்ளோரிடா அமெரிக்காவிலேயே மின்னல் அதிகம் விழும் வட்டாரம். கோடையில் மதியத்துக்கு மேல் இடி கிட்டத்தட்ட தினசரிப் பழக்கம். பொதுவான விதி: 8 அல்லது 10 மைலுக்குள் மின்னல் பதிவானால் எல்லோரும் உள்ளே போக வேண்டும், கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். 29-வது நிமிடத்தில் இன்னொன்று வெட்டினால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடும். 2 மணி ஆட்டம் 4 மணிக்குத் தள்ளும், 4 மணி ஆட்டம் விளக்கு வெளிச்சத்துக்குப் போகும். அட்டவணை போடத் தெரிந்தவர் முக்கியமான ஆட்டங்களைக் காலையிலேயே முடித்துவிடுவார். 2020 ஜூலையில் எம்எல்எஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் தொடர் இங்கே நடந்தபோது ஆட்டங்களைக் காலை 9, இரவு 8, இரவு 10:30 என்று வைத்ததும் வெயிலுக்குப் பயந்துதான்.

புல்லுக்கும் ஓய்வு வேண்டும். வெயிலில் தழைக்கும் பெர்முடா புல் குளிர்காலத்தில் பழுத்துவிடும். பச்சை தெரிய மேலே குளிர் தாங்கும் ரை புல்லின் விதை தூவுவார்கள். வசந்தத்தில் ரை சாகும், பெர்முடா முழுதாக எழுந்திருக்காது. அந்த இடைவெளியில் அடுத்தடுத்துப் போட்டி வைத்தால் கோல் வாய் மண்ணாகிவிடும்.

2020 என்றதும் எல்லோருக்கும் என்பிஏ கூடைப்பந்து லீக் நினைவுக்கு வரும். ஜூலை முதல் அக்டோபர் 11 வரை 22 அணிகளை உள்ளே பூட்டி வைத்து, பெருந்தொற்றுக்கு நடுவில் லேக்கர்ஸ் அணி கோப்பை வாங்கும்வரை ஆட்டம் நடந்தது. அருகருகே மூன்று அரங்கம், அதே நிலத்தில் ஓட்டல்கள், வாசலைக் காவல் காக்கக்கூடிய எல்லை எல்லாம் இருந்ததால் முடிந்தது. பெருமைதான். ஆனால் அதைக் காட்டி வளாகத்தை வைத்துக்கொள்ளச் சொல்வது சரியான வாதம் இல்லை. அப்படியொரு வருடத்தை நம்பி யாரும் கட்டடம் பராமரிக்க முடியாது.

‘வேறு கட்ட இடம் வேண்டும், அதனால் இடிக்கலாம்’ என்பது அதைவிடச் சொத்தையான வாதம். டிஸ்னியிடம் அங்கே ஏறக்குறைய 25,000 ஏக்கர் இருக்கிறது. 2024-ல் உள்ளூர் நிர்வாக மாவட்டத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தாவது பெரிய பார்க்குக்கே அனுமதி உண்டு. டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க் பக்கத்தில் 1995-ல் போட்ட கார் பந்தயப் பாதையை 2015-ல் மூடினார்களே என்று கேட்கலாம். அது பார்க்கிங்கை ஒட்டி, எல்லோரும் கண் வைக்கும் இடத்தில் இருந்தது. அங்கே நடந்த கடைசி இண்டி கார் பந்தயமும் 2000-லேயே முடிந்துவிட்டது. வளாகம் இருக்கும் மூலை மேல் யாரும் அப்படிக் கண் வைக்கவில்லை.

மிச்சம் ஸ்டேடியம். புல்மேட்டில் உட்காருபவர்களையும் சேர்த்து சுமார் 9,500 பேர் கொள்ளும். அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணி 1998 முதல் 2019 வரை வசந்தகாலப் பயிற்சிக்கு (சீசனுக்கு முன் மற்ற அணிகளோடு ஆடிப் பழகுவது) இங்கே வந்தது. அப்போதுகூட அது பிப்ரவரி, மார்ச் மாத விவகாரம்தான். கிஸ்ஸிம்மியில் இருந்த ஆஸ்ட்ரோஸ், வியேராவில் இருந்த நேஷனல்ஸ் ஆகிய இரண்டு அணிகளும் 2016-க்குப் பிறகு தெற்கே வெஸ்ட் பாம் பீச்சுக்குப் போய்விட்டன. எதிரணியைத் தேடி மணிக்கணக்கில் பஸ்ஸில் போக வேண்டிய நிலை வந்ததும் பிரேவ்ஸும் நார்த் போர்ட்டில் புதிய மைதானத்துக்குக் கிளம்பியது. இயான் புயலால் தன் மைதானம் சேதமடைந்த டாம்பா பே ரேஸ் அணி 2023-ல் இங்கே வந்து பயிற்சி எடுத்தது. அது விருந்தாளி வருகை. அக்கம்பக்கத்தில் அணிகள் இல்லாத இடத்துக்கு இன்னொரு பெரிய அணி குடிவராது.

சிறுவர் பேஸ்பாலுக்கு வளாகத்தில் வேறு மைதானங்கள் உள்ளன. ஸ்டேடியத்தின் பந்துவீச்சு மேட்டையும் களிமண்ணையும் எடுத்துவிட்டுப் புல் பதித்தால் கால்பந்து ஆடலாம் என்பார்கள்; ஆடலாம், ஆனால் இருக்கைகள் எல்லாம் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டைப் பார்த்து வளைந்தவை, தூரத்துக் கோல் யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த இடத்தில் நான்காவது உள்ளரங்கம் கட்டுவதே உருப்படியான காரியம்: 12 வாலிபால் தளம், குளிர்சாதனம், ஒருபக்கமாவது படியேறும் இருக்கை, கூடவே மின்னல் நேரத்தில் வெளி மைதானப் பிள்ளைகள் ஓடி ஒதுங்க அகலமான தாழ்வாரம்.