உடுமலைக் காற்றில் குளிர்நாட்டு அல்லி

மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்து, திருமணத்தால் உடுமலைப்பேட்டையை அடுத்த ஊருக்குக் குடிவந்த பிறகுதான், செடிக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று உண்டென்பதை நேரில் கண்டேன். அங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பம். இங்கே, வாசலோரத் தொட்டியில் நான் வளர்க்கும் குளிர்நாட்டு அல்லி, மார்கழிக் குளிரில் இலைகளைச் சிறுத்துக்கொண்டு பூப்பதை நிறுத்திவிடுகிறது. அந்த மாதங்களில் உரமிடாமல், பழுத்த இலைகளை மட்டும் காம்போடு கிள்ளியெடுத்து அதை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். மாசியில் வெயில் ஏறியதும் தானே துளிர்க்கும்.

என்னிடம் இருப்பது குரோமடெல்லா என்னும் மஞ்சள் அல்லி. பிரான்சின் லத்தூர் மர்லியாக் உருவாக்கிய இனம் இது; 1889ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அவர் தம் அல்லிகளைப் பார்வைக்கு வைத்திருந்தார். நம் குளங்களின் இரவு அல்லியைப் போலன்றி, இது பகலில் மலரும். முதல் நாள் பூவின் நடுக்குழியில் தெளிந்த நீர் தேங்கியிருக்கும். மறுநாள் அது வற்றி, மகரந்தம் உதிரத் தொடங்கும். மூன்று நான்கு நாள்களில் பூ நீருக்குள் அமிழ்ந்துவிடும்.

கோபிப் பக்கம் மஞ்சள் வயல்களில் வளர்ந்த என் மாமியார், விரலி மஞ்சளைப் போல் படுக்கைவாக்கில் ஓடும் இதன் கிழங்கைக் கண்டதும், நடும் முறையை நான் சொல்லாமலே புரிந்துகொண்டார். வெட்டுப்பட்ட முனை சட்டியின் ஓரத்திலும், குருத்து நடுவை நோக்கி மண்ணுக்கு மேலும் இருக்க வேண்டும். மண்ணாகக் குளத்து வண்டலையே போட்டோம். தொழுவுரம் சேர்த்தால் நீரில் அழுகிப் பாசியைப் பெருக்கும். மேலே கூழாங்கல் பரப்பி, முதலில் ஒரு சாண் ஆழத்தில் வைத்து, இலைகள் நீண்டபின் இரண்டு சாணுக்கு இறக்கினோம்.

“தண்ணி தேங்குனா கொசு வருமே அம்மிணி” என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

“கப்பி மீன் விட்டிருக்கேனுங்க அத்தை, புழுவையெல்லாம் தின்னுடும்” என்றேன்.

எனக்கு மிகவும் புதிதாக இருந்தது காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, நீரில் படிந்திருக்கும் இலைகளைப் புரட்டிப்போட, அவற்றின் அடிப்புறம் வெயிலில் கருகிப்போகும். தொட்டிக்கு மேற்கே சுவர் அமையும்படி இடத்தைத் தேர்ந்தெடுத்ததால் காற்றின் வேகமும் தணிந்தது, பிற்பகல் வெயிலின் கடுமையும் குறைந்தது. காலையிலிருந்து ஐந்தாறு மணி நேர வெயில் கிடைத்தால் அதற்குப் போதும். நீர் சலசலப்பதும் அல்லிக்கு ஆகாது. எனவே ஆவியாகும் நீரை ஈடுசெய்யும்போது குழாயை ஓரத்தில் பிடித்து மெல்ல விடுகிறேன்.

மூன்று நான்கு ஆண்டுகளில் கிழங்கு சட்டியை அடைத்துவிடும். பூ குறையும், இலைகள் நீருக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கும். வரும் மாசியில் அதைப் பிரித்து, பொள்ளாச்சியிலிருக்கும் நங்கையாவுக்கு ஒரு துண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் வீட்டைச் சுற்றிலும் தென்னை நிழல் அடர்ந்திருப்பதால், வெயில் விழும் இடத்தை இப்போதே பார்த்துவைக்கச் சொன்னேன்.