ஷெட்டில் ஒரு சிட்டிகார்

பிப்ரவரி 8, 2025

வண்டி வந்துவிட்டது! 1976 மாடல் சிட்டிகார், பேட்டரியில் ஓடும் சின்ன அமெரிக்க மின்சாரக் கார். எட்டடி நீளம்தான், இரண்டு பேர் தள்ளியே ஷெட்டுக்குள் சேர்த்துவிட்டோம். பக்கவாட்டில் பார்த்தால் மரம் பிளக்கிற ஆப்பு மாதிரி இருக்கிறது. அலுமினியச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் உடம்பு. எனக்கு அழகாகத்தான் தெரிகிறது.

பிப்ரவரி 9

சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரிகள் எல்லாம் செத்துக் கிடக்கின்றன. எட்டு புதிதாக வாங்க வேண்டும். கோல்ஃப் வண்டிக்குப் போடும் அதே 6 வோல்ட் பேட்டரிதான், நல்லவேளை.

பிப்ரவரி 15

காலையிலிருந்து வயரிங். இதில் மின்னணுப் பலகை எதுவும் கிடையாது. மிதியை லேசாக அழுத்தினால் பேட்டரிகள் நான்கு நான்காக இரண்டு அணி பிரிந்து, பக்க இணைப்பில் 24 வோல்ட் தரும். அதுவும் ஒரு மின்தடை வழியாக, மெதுவாகக் கிளம்புவதற்காக. இன்னும் அழுத்தினால் தடை விலகி 24 வோல்ட் நேராகப் போகும். முழுக்க அழுத்தினால் இரண்டு அணியும் தொடர் இணைப்பாகி 48 வோல்ட். கியர்பாக்ஸும் இல்லை, ரிவர்ஸுக்கு ஒரு சுவிட்ச். கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒவ்வொன்றும் 'டக்' என்று விழும்போது மனசு நிறைந்துவிட்டது. இதைவிட எளிமையாக யார் யோசித்திருக்க முடியும்?

பிப்ரவரி 16

சிட்டிகாரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பாப் பியூமான்ட் கார் விற்பனையாளராக இருந்தவர். 1973இல் அரபு நாடுகளின் எண்ணெய் ஏற்றுமதித் தடை வந்து பெட்ரோலுக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்த வருடமே ஃப்ளோரிடாவில் செப்ரிங் என்ற சின்ன ஊரில் அவருடைய செப்ரிங்-வான்கார்டு கம்பெனி தயாரிப்பைத் தொடங்கிவிட்டது. 1975இல் ஜிஎம், ஃபோர்டு, கிரைஸ்லர், ஏஎம்சி, செக்கர் இவற்றுக்கு அடுத்து அமெரிக்காவின் ஆறாவது பெரிய கார் கம்பெனி. 1977இல் மூடியாயிற்று. அதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேல் விற்றிருந்தார்கள்.

எண்ணெய் நெருக்கடி தணிந்தது ஒரு காரணம். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை இதை ஓட்டிப் பார்த்து, பாதுகாப்பில்லை என்று எழுதியது இன்னொன்று. கதவைத் தட்டிப் பார்த்தால் அவர்கள் சொன்னதைத் தப்பென்று சொல்ல முடியவில்லை. ஆனால் கடைக்கும் வேலைக்கும் போய்வர, ஒரு சார்ஜில் சுமார் 60 கிலோமீட்டர் ஓடும் வண்டியை அந்தக் காலத்திலேயே வீட்டு வாசலில் நிறுத்திக் காட்டினார்களே! அதற்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 22

ஓடிவிட்டது. தெருக்கோடி வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது கட்டத்தில் 48 வோல்ட் விழுந்ததும் முதுகில் ஒரு தள்ளு. பிரேக்கை இறுக்க வேண்டும், அப்புறம்தான் மெயின் ரோடு.

இப்போது சார்ஜ் ஏறுகிறது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வரும், தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு உள்ளே தங்கக் கூடாது என்று ஷெட் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். காலையில் பேட்டரிகளில் டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்க்க வேண்டும்.