சாமி மண்ண நாக்குல வச்சு பாத்த கதை

போன ஞாயித்துக்கெழம அம்மாவ கூட்டிட்டு சேர்வராயன் கோயிலுக்கு போயிருந்தேன். மே மாசம் திருவிழா டைம்ல போனா கால் வைக்க எடம் இருக்காது, அதனால நாங்க எப்பவும் கூட்டம் இல்லாத நாளா பாத்து தான் போவோம். அம்மாவுக்கு ஏற்காடு ரோட்டோட 20 கொண்டை ஊசி வளைவும் ஆகாது, பாதி ஏறும்போதே எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு கண்ண மூடிக்குவாங்க.

இதுக்கு முன்னாடி போகாதவங்களுக்கு சொல்றேன், கோபுரம் மண்டபம்லாம் எதிர்பாக்காதீங்க. 1,600 மீட்டருக்கு மேல ஒரு மொட்டை மேடு, காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், அங்க ஒரு குகை, அதான் கோயில். உள்ள போக நல்லா குனியணும், நான் ஒவ்வொரு தடவையும் மண்டைய இடிச்சுக்குவேன். காலுக்கு கீழ ஜில்லுன்னு ஈரம், எண்ண பிசுக்கு, கற்பூர வாசன. உள்ள சேர்வராயன் சாமியும் காவேரி அம்மனும். மலை ஒரு சாமி, ஆறு ஒரு சாமி, ரெண்டும் ஒரே குகைக்குள்ள. இந்த குகை அப்படியே காவேரி வரைக்கும் போவுதுன்னு அம்மா சொல்வாங்க, அவங்க அம்மாவும் அதையே தான் சொன்னாங்களாம்.

நான் படிச்சது ஜியாலஜி. இப்ப வேலை பாக்குறது மொபைல் கடையில, அது வேற கதை, கேக்காதீங்க. ஆனா பாறைய பாத்தா கை சும்மா இருக்காது. வெளிய வந்து செங்கல் கலர்ல ஓட்டை ஓட்டையா கெடந்த ஒரு கல்ல எடுத்து நாக்குல வச்சு பாத்தேன். சிரிக்காதீங்க, காலேஜ்ல சொல்லி குடுத்தது தான், உள்ள நுண்ணு நுண்ணா ஓட்டை இருக்குற கல்லுன்னா எச்சிய உறிஞ்சி நாக்குல ஒட்டும். ஒட்டுச்சு. அம்மா பாத்துட்டாங்க.

"கருமம், சாமி மண்ண எச்சி பண்றியேடா!"

சொல்லிட்டு அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா, குகை வாசல்ல ஒரு சிட்டிகை மண்ண எடுத்து நெத்தியில வச்சுட்டு மிச்சத்த வாயில போட்டுக்கிட்டாங்க. கேட்டா அது பிரசாதமாம்.

அந்த கல்லு லேட்டரைட், அதுல அலுமினியம் ஜாஸ்தியா இருந்தா பாக்சைட். அடியில இருக்குறது சார்னக்கைட், சுமார் 250 கோடி வருஷத்து பாறை. அந்த பேரு கூட கல்கத்தாவுல ஜாப் சார்னக்னு ஒருத்தர் கல்லறையில இருந்த கல்ல பாத்து தாமஸ் ஹாலண்ட்னு ஒரு ஜியாலஜிஸ்ட் வச்சது, அந்த கல்லு நம்ம மெட்ராஸ் பக்கத்துலேருந்து போனது. அந்த பாறை மேல லட்சக்கணக்கான வருஷமா மழையும் வெயிலும் மாத்தி மாத்தி அடிச்சு, கரையுறதெல்லாம் கரைஞ்சு போயி, கரையாத அலுமினியமும் இரும்பும் மட்டும் தங்கி மலைக்கு தொப்பி போட்ட மாதிரி ஒக்காந்துருக்கு. நான் பாட்டில்லேருந்து கொஞ்சம் தண்ணி ஊத்துனேன், சுர்ருனு உள்ள இழுத்துருச்சு, வெளிய ஒரு சொட்டு வழியல. மழை பேஞ்சா அந்த தொப்பி குடிச்சு வச்சுக்கும், அப்பறம் மெதுவா ஊத்தா விடும், அதான் மழை விட்டு ரொம்ப நாள் கழிச்சும் ஓடையில தண்ணி ஓடுது. அந்த தண்ணி எல்லாம் திருமணிமுத்தாறுல சேருதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த ஆறு பொறக்குறது இந்த மலையில தான், சேலம் டவுன் வழியா போயி நாமக்கல் பக்கம் காவேரில கலக்குது. அப்ப பாட்டி சொன்ன குகை கதைய நான் எப்படி பொய்னு சொல்றது? வழி மட்டும் தான் வேற.

இதுல எனக்கு நெருடுற விஷயம், அந்த தொப்பியில பாக்சைட் இருக்குன்னு சொன்னதும் நான் படிச்ச அதே படிப்பு தான். மேட்டூர் அலுமினிய ஃபேக்டரிக்கு இங்கேருந்தும் லாரி லாரியா போச்சு. எங்க மாமா அதுல ஒரு லாரி ஓட்டுனவரு, நெத்தி நெறைய விபூதி, லோடு ஏத்தறதுக்கு முன்னாடி சேர்வராயனுக்கு ஒரு கற்பூரம் காட்டிட்டு தான் சாவிய போடுவாரு. சாமி மேல பயம் இல்லாத ஆளு கெடையாது. ஆனா சாமி குகைக்குள்ள இருக்காரு, லாரியில போறது வெறும் மண்ணுன்னு அவர் மனசுல ஒரு கோடு இருந்துருக்கும்னு நெனைக்கிறேன்.

ஒடிசாவுல நியமகிரி மலைக்காரங்க அந்த கோடு போடல. அங்கயும் மலை உச்சியில பாக்சைட், அங்கயும் மலையே சாமி, நியம ராஜா. 2013ல சுப்ரீம் கோர்ட், அங்க சுரங்கம் வெட்டலாமா வேணாமான்னு கிராம சபையே முடிவு பண்ணட்டும்னு சொல்ல, 12 கிராம சபை கூடி 12ம் வேண்டாம்னு சொல்லிருச்சு. ஓடை வத்திரும்னும் சொன்னாங்க, சாமி எடம்னும் சொன்னாங்க, ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு பேசல. எனக்கு அத படிச்சப்ப கொஞ்சம் பொறாமையா கூட இருந்துச்சு.

பக்தி இருந்தா மலை தப்பிச்சுரும்னு சொல்றவங்க கோயில் பின்பக்கம் ஒரு தடவ போயி பாக்கணும், கற்பூர கவர், தண்ணி பாட்டில், எல கப்புக்கு பதிலா பிளாஸ்டிக் கப்பு. செருப்ப மட்டும் ஒழுங்கா வரிசையா கழட்டி வச்சுருப்போம். நானும் கழட்டி வச்சேன், என் பாட்டில மட்டும் எடுத்துட்டு வந்தேன், அவ்வளவு தான் என் யோக்கியத.

சாயங்காலம் பஸ்ல எறங்கி டவுன்ல பாலத்த தாண்டி நடந்து வந்தோம். கீழ கருப்பா, நுரையா, சாயத்தண்ணியும் சாக்கடையும் ஒண்ணா போவுது. அந்தாண்ட சுகவனேஸ்வரர் கோயில்ல மணி அடிக்குது. அம்மா முந்தானைய மூக்குல வச்சுக்கிட்டு, "இது எந்த சாக்கடைடா, இம்மாம் பெருசா இருக்கு?"ன்னாங்க. 40 வருஷமா இதே ஊர்ல இருக்காங்க.

"சாக்கடை இல்லம்மா, திருமணிமுத்தாறு. மேலேருந்து வருதுன்னு சொன்னேன்ல."

கொஞ்ச தூரம் ஒண்ணும் பேசல. அப்பறம், "நேரா காவேரிக்கா போவுது?"

"ஆமாம்மா."

ஆட்டோ புடிக்கலாம் வான்னுட்டாங்க.