நாற்பது நிமிட விருந்து

டிசம்பர் 4, வியாழன்

நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா நேற்றோடு முடிந்தது. உள்ளூர் விடுமுறையும் கழிந்தது. இனி எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் ஒரே விசாரிப்புதான்: "பலகாரம் என்றைக்கு?"

மாலையில் அலுவலகத்திலிருந்து வந்தபோது என் மாமியார், எங்கள் வழக்கில் மாமி, தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் சிறப்புச் சமையல். பன்னிரண்டு விருந்தினர், ஒன்பது வகை, நாற்பது நிமிடம். சமைத்த அம்மையார் தந்த நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தார். மிளகாயும் மல்லியும் வறுக்கிற இடத்தில் தந்த நிறம்! நகக்கண்ணில் மஞ்சள் இல்லை, நெற்றியில் வியர்வை இல்லை, ஒரு தும்மல்கூட இல்லை.

சிறிது நேரத்தில் நான் சமையலை விட்டுவிட்டுக் கிண்ணங்களை எண்ணத் தொடங்கினேன். வெங்காயத்துக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம், இஞ்சிக்கு ஒன்று, உப்புக்குக்கூடத் தனியாக ஒன்று. கவிழ்த்ததும் அந்தக் கிண்ணம் திரையின் ஓரமாகப் போய் மறைந்துவிடும், திரும்பி வராது. முப்பத்தொன்று வரை எண்ணினேன். எங்கள் வீட்டில் பத்தாவது கிண்ணத்திலேயே கழுவும் தொட்டி நிரம்பியிருக்கும்.

கடைசி மல்லித்தழையைத் தூவிய நொடியில் அழைப்புமணி அடித்தது. பன்னிரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். முன்கூட்டி வந்து நிற்பவர் இல்லை, பிந்துபவரும் இல்லை. ஒருவருக்கும் நீரிழிவு இல்லை. கைக்குழந்தை இல்லை. "நாங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்" என்று எவரும் வாசலிலேயே வயிற்றெரிச்சலைக் கொட்டவில்லை.

கடைசிவரை பார்த்த மாமி ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "இவளுக்கு மாமி கிடையாதா?"

என் வீட்டுக்காரர் இவருக்கோ அந்த மேசை பிடித்துப்போயிற்று. சிவப்பு விரிப்பு, நடுவில் மெழுகுவர்த்திகள். "நாமும் இந்த வருடம் இப்படிச் செய்யலாமே" என்றார். அந்த 'நாமும்' என்பதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

அக்கா மகன் சென்னையில் படப்பிடிப்புகளுக்கு விளக்கு வைக்கும் வேலை பார்க்கிறான். சமையல் நிகழ்ச்சிகளுக்கும் போவதுண்டு. அவனைப் போனில் பிடித்து, அந்தக் கிண்ணங்கள் எல்லாம் எங்கே போகின்றன என்று கேட்டேன்.

"கழுவ இரண்டு பேர் இருக்கிறார்கள் சித்தி. நறுக்க மூன்று பேர். அவர்கள் காலை ஆறு மணிக்கே வந்துவிடுவார்கள்."

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியைத் தீபாவளிக்கு முன்பே எடுத்து முடித்துவிடுகிறார்களாம். ஒரே நாளில் மூன்று, நான்கு நிகழ்ச்சிகள். ஒரே குழம்பு மூன்று சட்டிகளில் இருக்கும்: அடுப்பில் ஏற்றுவது ஒன்று, பாதி வெந்தது ஒன்று, மேசைக்குப் போவது ஒன்று. விளக்குச் சூட்டில் கறி வறண்டுபோவதால் படம் எடுக்கும் முன் தூரிகையால் எண்ணெய் தடவுவார்கள்.

"அந்த விருந்தினர்கள்?"

"ஒரு முறை ஆள் குறைந்தபோது என்னையே சட்டை மாற்றி உட்கார வைத்தார்கள். தட்டைத் தொடாதே, மூன்று கோணத்தில் எடுக்க வேண்டும் என்றார்கள். நாலரை மணிக்குத்தான் சாப்பிட்டேன், ஆறிப்போய். ஆனால் ருசி நன்றாகத்தான் இருந்தது சித்தி, பொய் சொல்லக் கூடாது."

விளம்பரக்காரர்களின் வித்தைகளையும் சொன்னான். ஐஸ்கிரீம் உருகுகிறது என்று மசித்த உருளைக்கிழங்கை உருட்டி வைப்பார்களாம். இதைக் கேட்டுக்கொண்டிருந்த மகள் தன் பங்குக்கு ஒன்று தேடி எடுத்தாள்: அமெரிக்காவில் ஒரு சூப் விளம்பரத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்கறித் துண்டுகளை மேலே மிதக்க வைத்திருக்கிறார்கள், 1970 வாக்கில் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் வரைக்கும் போன விவகாரம். கோலிக்காய் சூப்!

அவள் காட்டிய இன்னொரு பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான் எனக்குப் பிடித்தது. ஜூலியா சைல்ட் என்ற அம்மாள், 1963 முதல் பாஸ்டன் நகரத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சமையல் செய்து காட்டியவர். ஆறடிக்கும் மேல் உயரம். உருளைக்கிழங்கு அடை ஒன்றைச் சட்டியோடு எம்பித் திருப்புகிறார்; பாதி அடுப்பின் மேலேயே விழுந்துவிடுகிறது. கையால் வாரிச் சட்டிக்குள் போட்டுவிட்டு, சமையலறையில் தனியாகத்தானே இருக்கிறோம், யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறார். வெட்டி ஒட்டுவது எளிதாக இல்லாத காலம், அதனால் அப்படியே ஒளிபரப்பானது. பிற்பாடு ஊரார் அந்த அடையைக் கோழியாக்கி, வான்கோழியாக்கி, தரையிலும் போட்டுவிட்டார்கள். நம் ஊர் வாய் மட்டும்தான் நீளம் என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 13, சனி

முந்திரிக்கொத்து நாள்.

அந்தத் தந்த நிறச் சேலைக்காரரும் அன்று முந்திரிக்கொத்து செய்தார். மொத்தம் ஆறு உருண்டை. "சர்க்கரை சேர்க்கவும்" என்று சொல்லி வெள்ளைச் சீனியைக் கொட்டினார். எங்கள் ஊரில் சர்க்கரை என்றால் வெல்லம், சீனிதான் சீனி. யாரோ இந்தப் பக்கத்து ஆள் எழுதிக் கொடுத்த குறிப்பை அப்படியே வாசித்திருக்கிறார் என்பது என் ஊகம். பாவம், ஆறு உருண்டையோடு போயிற்று.

எங்களுக்கு முந்நூறு. இரண்டு கிலோ சிறுபயறு, ஒன்றரைக் கிலோ சர்க்கரை, மூன்று தேங்காய். பயறை நேற்றே வறுத்து, உடைத்து, தொலி புடைத்து மில்லில் கொடுத்துப் பொடித்தாயிற்று. தேங்காய்ப்பூவைச் சிவக்க வறுத்ததும் எள், சுக்கு, ஏலம் எல்லாம் பொடியோடு சேர்ந்தன. பக்கத்து வீட்டு அக்கா தன் பெரிய உருளியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். எதிர்வீட்டுச் சித்தி, அவர் மருமகள், நான், மகள். நாற்காலியில் மாமி.

பாகு மாமியின் துறை. கரண்டியிலிருந்து ஒரு சொட்டைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துப் பிரிப்பார்கள். நூல் வந்து அறுந்தது. "இன்னும் கொஞ்சம்." மறுபடி. நூல் வந்து நின்றது. "இறக்கு!" என்று போட்ட சத்தத்தில் மருமகள் துள்ளிவிட்டாள். அரை நிமிடம் முந்தினால் உருண்டை எண்ணெயில் பிளக்கும், நாலாம் நாள் பூசணம் பூக்கும். அரை நிமிடம் பிந்தினால் கருங்கல். இதற்குக் கடிகாரம் உதவாது. அந்த இரண்டு விரல்தான்.

அதன்பிறகு நடந்ததை எந்தத் தொலைக்காட்சியும் காட்டாது. பாகை ஊற்றிக் கிளறிய மாவு சூடாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். ஆறினால் உதிரும். கை வெந்தது. உள்ளங்கை சிவந்து, விரல் நுனிகள் மரத்து, ஆளுக்கு ஒரு கிண்ணம் தண்ணீரில் கையை நனைத்து நனைத்து உருட்டினோம். ஐந்து பேரின் வளையல்களும் ஒரே தாளத்தில் தாம்பாளத்தில் இடித்தன. பேச்சு ஓய்ந்துவிட்டது. அக்காவும் சித்தியும் பேசாமல் இருந்து நான் பார்த்தது இந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. தனி ஒருத்தி இதைச் செய்யவே முடியாது. முப்பதாவது உருண்டைக்கு முன்னால் மாவு செத்துப்போகும்.

மாலையில் பச்சரிசி மாவைக் கரைத்து, மஞ்சள் ஒரு சிட்டிகை, உப்பு. மூன்று மூன்றாகச் சேர்த்து முக்கித் தேங்காய் எண்ணெயில் விட்டோம். திராட்சைக் கொத்துப் போல ஒட்டிக்கொண்டு மிதக்கும். முதல் ஈட்டில் நான்கு பிளந்தன. அவற்றைச் சுடச்சுடத் தின்றவர்கள் நாங்கள்தான். பிளந்தது சமைப்பவளுக்கு என்பது எழுதாத சட்டம்.

டிசம்பர் 17, புதன்

மகளின் முழுக்கோழிச் சோதனை. நிகழ்ச்சியில் கண்டது. எங்கள் மின்சார அடுப்பு பத்தொன்பது லிட்டர், 1.8 கிலோக் கோழியை உள்ளே தள்ளினால் அதன் மார்பு மேல்கம்பியில் முட்டுகிறது. நாற்பது நிமிடத்தில் மேலே கரி, உள்ளே இரத்தம். பிறகு அவளே கணக்குப் போட்டாள்: அரைக்கிலோவுக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் இன்னொரு இருபது என்பது ஆங்கிலேயர் வீட்டுக் கணக்காம். அப்படியானால் தொண்ணூறு நிமிடத்துக்கும் மேல். நாற்பது நிமிட நிகழ்ச்சியில் தொண்ணூறு நிமிடக் கோழி எப்படி வெந்தது? அக்கா மகனுக்குச் செய்தி அனுப்பினாள். "காலையிலேயே ஒன்று வெந்து தயாராக இருக்கும்" என்று பதில்.

கோழியைக் குழம்பாக்கினேன். நட்சத்திரம் கட்ட ஏணி கேட்டுப் போன இவர் இன்னும் வரவில்லை.

டிசம்பர் 20, சனி

இரவு பதினொன்றரை. படுத்தாயிற்று. தெருமுனையில் டிரம் சத்தம். சபையின் கேரல் பவனி எங்கள் தெருவுக்கு நாளை என்றுதான் அறிவித்திருந்தார்கள்.

இருபத்தாறு பேர். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா, பையன்கள், ஒரு கிட்டார், மழைக்கு மூடிய மெகாபோன். மூன்று பாட்டு, ஒரு ஜெபம். அதற்குள் இருபத்தாறு கடுங்காப்பி. வீட்டில் டம்ளர் பதினான்கு. முதல் பதினான்கு பேர் குடிக்க, மகள் வாங்கிக் கழுவ, அடுத்த பன்னிரண்டு. தாத்தா முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குடித்தார். பார்த்தால் எங்கள் மின்பழுது பார்க்கும் தம்பி. "அக்கா, இன்னும் பதினேழு வீடு பாக்கி" என்றான். ஒவ்வொரு வீட்டிலும் காப்பி.

நான் நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். பட்டு எல்லாம் பெட்டியில்.

டிசம்பர் 24, புதன்

இரவு 9.40. ஆட்டுக்கறிக்கு மசாலா வதங்கும் நேரத்தில் அடுப்பு நீலமாகச் சுருங்கி அணைந்தது. மாற்று சிலிண்டர் பதிவு செய்து ஒன்பது நாளாக வரவில்லை.

மாமிக்கு முகம் மலர்ந்ததை நான் கவனிக்காமல் இல்லை. பின்கட்டில் மூன்று கல்லை வைத்துக் கொதும்பும் சிரட்டையும் மூட்டச் சொன்னார்கள். தூறலுக்கு இவர் குடை பிடித்தார், அடுப்புக்கு, எனக்கல்ல. கண் எரிய ஊதிக்கொண்டு இருந்தபோது மாமி, "இப்போதுதான் கறி வாசம் வருகிறது மக்கா" என்றார்கள். வந்தது உண்மைதான். சேலையில் வந்த புகை வாசமும் உண்மை. அதிகாலை நான்கு மணி ஆராதனைக்கு அதே தலைமுடியோடுதான் போக வேண்டும்.

டிசம்பர் 25, வியாழன்

ஐந்து பேர் என்று சொல்லியிருந்த நாத்தனார் குடும்பம் ஒன்பது பேராக, பதினொன்றுக்குப் பதில் ஒன்பது மணிக்கே வந்தது. காலையில் ஆப்பமும் கறியும். மதியம் நெய்ச்சோறு, கோழி, பச்சடி, பாயசம். மொத்தம் பதினேழு இலை.

இவர் விடவில்லை. மேசையில் சிவப்பு விரிப்பைப் போட்டு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். மின்விசிறி அணைத்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது. மின்விசிறியை நிறுத்தினார். மூன்று நிமிடத்தில் எல்லாருடைய கழுத்திலும் வியர்வை. நாத்தனார் கணவர் வேட்டி நுனியால் விசிறிக்கொண்டார். "உயிர் போன வீடா இது? காற்றைப் போடு" என்றார்கள் மாமி. விளக்கு விருந்து அத்துடன் முடிந்தது. தண்ணீர் பரிமாறியதை இவர் சாயங்காலம் வரை இரண்டு முறை நினைவூட்டினார்.

நாத்தனார் வந்ததும் சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். "மைனி, நீங்கள் போய் உட்காருங்கள்" என்றாள். நான் போகவில்லை, அவளும் நான் போவேன் என்று எதிர்பார்க்கவில்லை. எட்டுக்குப் பத்தடிச் சமையலறையில் ஐந்து பெண்கள். ஒருத்தி அப்பளம் பொரிக்க, ஒருத்தி இலை துடைக்க, கால்களுக்கு நடுவே ஒரு குழந்தை. தேங்காய் துருவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், நாத்தனார் ஒரு விஷயம் சொன்னாள். அதை ஹாலில் சொல்லியிருக்க மாட்டாள், போனிலும் சொல்லியிருக்க மாட்டாள். அது என்ன என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. துருவல் மட்டும் தேவைக்கு இரண்டு மடங்கு ஆகிவிட்டது.

நான் சாப்பிட உட்கார்ந்தது மூன்று நாற்பதுக்கு. அடிப்பிடித்த சோறு. அதன் ருசியே தனி என்று சொல்ல ஆசைதான். பசியில் எதுவும் தெரியவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

உருளியைப் புளி போட்டுத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தேன். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்பதால் பத்து முந்திரிக்கொத்தைப் போட்டுக் கொண்டுபோனேன். "அடியில் கறை போகவில்லையே" என்று அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொங்கலுக்கு அவர் வீட்டில் என்ன உதவி கேட்பார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

மாலையில் அந்த நாற்பது நிமிட நிகழ்ச்சி மறுஒளிபரப்பு. மாமி விடாமல் பார்த்தார்கள். அன்றைக்கு நான் கிண்ணங்களிலேயே இருந்துவிட்டேன். இன்று விருந்தினரைப் பார்த்தேன். மேசையின் கோடியில், பாதி மறைந்து, நீலச் சட்டையில் ஒரு பையன், தட்டைத் தொடாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்தே போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"இது உன் அக்கா மகன் அல்லவா? ஏன் சாப்பிடாமல் இருக்கிறான்? எப்படி இளைத்துவிட்டான், பார். டப்பாவில் இருக்கிற முந்திரிக்கொத்தை நாளைக்கே கூரியரில் போட்டுவிடு மக்கா."

டப்பாவில் மிச்சம் இருபத்திரண்டு. இருபதைக் கட்டி வைத்திருக்கிறேன்.