குளம் தூர்வாரும் பணியில் மூவர் கூட்டு

கோவை, திருப்பூர்ப் பக்கம் அரசும் கம்பெனி அறக்கட்டளையும் தன்னார்வ அமைப்பும் சேர்ந்து ஒரு குளத்தைத் தூர்வார இறங்கினால், பணமில்லாமல் வேலை நிற்பது அபூர்வம். நாள் கணக்குதான் நிறுத்திவிடுகிறது. அறக்கட்டளைக்கு மார்ச் 31-ல் நிதியாண்டு முடிகிறது. குளம் காய்வதோ மாசி, பங்குனியில். அனுமதிக் கோப்பு கையெழுத்தாகி வரும்போது சித்திரை பாதி போயிருக்கும். ஆனியில் நொய்யலில் தண்ணீர் வந்துவிட்டால் அந்த வருடம் அவ்வளவுதான்.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வரும் சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதிக்கு, கம்பெனியின் இயக்குநர் குழு 'தொடர் திட்டம்' என்று தீர்மானம் போட்டுவிட்டால், செலவாகாத தொகையை ஆண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். பல அமைப்புகள் இதைக் கேட்பதே இல்லை. ஐப்பசியிலேயே போய்க் கேட்டுவிட வேண்டும்.

அனுமதி யாரிடம் என்பது ஆயக்கட்டைப் பொறுத்தது, அதாவது அந்தக் குளத்தால் பாசனம் பெறும் நிலப்பரப்பை. அது 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். மனுக் கொடுக்கும் முன்பே சர்வேயரை வைத்து எல்லை அளந்து கல் நட்டுவிடுங்கள். பொக்லைன் இறங்கிய பிறகு கரையோரத் தென்னை யாருடையது என்று தகராறு கிளம்பினால் அந்தக் கோடை வீண்.

பெரிய மனஸ்தாபம் வருவது மண் கணக்கில். வண்டல் மண் விவசாயிக்கு இலவசம். நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90. ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கனமீட்டர். ஆக நஞ்சை ஏக்கருக்கு 26 யூனிட் சொச்சம். மூன்று யூனிட் டிப்பரில் ஒன்பது நடைகூட முழுசாக வராது. ஆனால் வெட்டிய மண் பொலபொலத்துச் சுமார் கால் பங்கு உப்பிவிடும். டிப்பர்காரர் நடைக் கணக்கில் பில் போடுவார். அறக்கட்டளை இன்ஜினியர் குளத்துக்குள் லெவல் (தரை மட்டம் பார்க்கும் கருவி) வைத்துப் பள்ளத்தை அளப்பார். இரண்டும் ஒத்துப்போகவே போகாது. யாரும் திருடவில்லை, அளக்கும் இடம்தான் வேறு. தூர்வாரும் முன்னும் பின்னும் லெவல் எடுத்து, அதன்படியே பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை இல்லை. கரையின் அடியை ஒட்டித் தோண்டக் கூடாது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். நிரம்பிய குளம் வேகமாக வற்றும்போது அந்த இடத்தில்தான் கரை சரியும்.

ஒப்பந்தத்தில் எப்போதும் விட்டுப்போவது பராமரிப்பு. அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி, 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. தண்ணீர் வந்தால் சீமைக்கருவேலமும் வரும். திறப்பு விழாவோடு மூவரும் கிளம்பிவிடுகிறார்கள். சீமைக்கருவேலக் கன்றைப் பிடுங்குவது யார் என்று எந்தத் தாளிலும் இருப்பதில்லை. தொடர் திட்டத்தின் மூன்று வருடத் தொகையில் இதற்கொரு பங்கை இப்போதே ஒதுக்கலாம். ஆடு தின்று போட்ட விதையில் முளைத்த கன்று முழங்கால் உயரத்தில் இருக்கும்போது ஒரே ஆள் கடப்பாரையால் நெம்பி எடுத்துவிடுவார். இரண்டு மழைக்காலம் பிடுங்காமல் விட்டுவிட்டால் மறுபடியும் பொக்லைன்தான்.